சாப்பிட்ட கையோடு காபி

கேள்வி: மதியச் சாப்பாடு முடிந்த கையோடு காபியோ டீயோ குடிப்பது நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா?

பதில்: காபியின் மீது குற்றமில்லை, அது வந்து சேரும் நேரத்தின் மீதுதான் குற்றம். கீரை, பருப்பு, கேழ்வரகு போன்ற தாவர உணவுகளில் உள்ள இரும்புச்சத்து, இறைச்சியில் உள்ள இரும்பைப் போல எளிதில் உடலில் சேர்வதில்லை; அது குடலில் உறிஞ்சப்படக் காத்திருக்கும் வேளையில், டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள், அதாவது துவர்ப்புக்குக் காரணமான தாவர வேதிப்பொருள்கள், அதனைப் பற்றிக்கொண்டு குடலால் ஏற்க முடியாத சேர்மமாக்கிவிடுவதால், முருங்கைக்கீரையை உருவி, காம்பு நீக்கி, பொரியல் செய்த உழைப்பின் பலனில் ஒரு பங்கு கழிவாகவே வெளியேறிவிடுகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கும் நிலையில், இதனைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்டு, களைப்புத் தீர உடனே டீயைத் தேடுபவர்களும் பெரும்பாலும் அவர்களே. டம்ளரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதும், கீரையின் மேல் எலுமிச்சை பிழிவதும் நல்ல பழக்கங்கள்; எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் அந்த வைட்டமின் சூட்டில் சிதையும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவதோ எக்காலத்திலும் கூடாது. அதற்குத் தண்ணீரே போதும்.