எல்லை தாண்டாத தலை
அஞ்சல்தலை உலகம் சுற்றும். செல்லுபடியாவது என்னவோ பிறந்த நாட்டில் மட்டும்தான். பதில் கடிதத்துக்கென்று அதை உறையில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், அங்கே ஆல்பத்தில் ஒட்டத்தான் உதவும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க உலக அஞ்சல் ஒன்றியம் 1906இல் ரோம் மாநாட்டில் பன்னாட்டுப் பதில் கூப்பனைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் வாங்கிய கூப்பனை இன்னொரு நாட்டில் கொடுத்து அந்நாட்டுத் தலையைப் பெறலாம்.

இதன் அருமையை முழுமையாக உணர்ந்தவர் சார்லஸ் போன்சி. இத்தாலியில் மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் லாபம் என்று கணக்குக் காட்டி, 1920இல் பாஸ்டனில் முதலீடு திரட்டினார். 45 நாளில் 50 சதவீத லாபம் என்பது வாக்குறுதி. பணம் குவிந்தது, கூப்பன்தான் பெயரளவுக்கு மட்டுமே இருந்தது. புதியவர் போட்ட பணமே பழையவருக்கு லாபமானது. தலை எல்லை தாண்டவில்லை. இவ்வகை மோசடிக்கே பெயராகிவிட்ட போன்சியின் பெயர் மட்டும் இன்று எல்லா நாட்டிலும் செல்லுபடியாகிறது.