கடை பேருக்கு ஒரு பில்

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை எந்தக் கடைவீதியிலும் இவரைப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்தவர் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் அண்ணாச்சி. சட்டைப் பையில் ரூபாயைவிட பில் அதிகம் இருக்கும். பை நிரம்பினால் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மஞ்சள் பைக்குப் போகும்.

ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டுக் கை கழுவுமுன்பே, "தம்பி, கடை பேரு போட்டு ஒரு பில்லு தா." பேரனின் காதுகுத்து விருந்து 'வாடிக்கையாளர் சந்திப்பு' ஆயிற்று. கோவளத்தில் இரண்டு நாள் தங்கியது, திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் எண்ணெய் விலை விசாரிக்கப் போன வகையில். ஆச்சிக்கு எடுத்த பட்டுச்சேலையைத்தான் எதில் சேர்ப்பது என்று ஒரு வாரம் தவித்தார். கடைசியில் 'சீருடை' என்று எழுதினார். "அவளும் கல்லாவுல இருக்காள்லா வேய்?"

தீபாவளிச் செலவு வியாபாரச் செலவே என்று மத்திய நேரடி வரி வாரியம் 1968-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. இதை யாரோ சொல்லிவைக்க, அண்ணாச்சி வீட்டில் தீபாவளி பெருத்துவிட்டது. சொந்தச் செலவும் சமயச் செலவும் சேராது என்று அதே சுற்றறிக்கை சொல்வது மட்டும் அவர் காதில் விழவில்லை.

இந்த முறை ஆடிட்டரிடம் நானும் துணைக்குப் போனேன். ஆடிட்டர் பையைக் கவிழ்த்தார். "தொழிலுக்குன்னே ஆன செலவுதான் கழியும் அண்ணாச்சி. 1961 வருமான வரிச் சட்டத்துல 37-ஆம் பிரிவு. 2025-ல புதுச் சட்டம் போட்டும் நம்பர்தான் மாறிச்சு."

விசேஷம் என்னவென்றால், நியாயமாகக் கழிக்கக்கூடிய செலவு எதற்கும் அண்ணாச்சியிடம் துண்டுச் சீட்டு கிடையாது. காய் சீவும் மெஷினுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் உண்டு. பில் எங்கே? "பில்லுன்னா ஜிஎஸ்டி போடுவேன்னான். வேண்டாம்னுட்டேன்." குலை கொண்டுவரும் தரகருக்கு மொத்தமும் ரொக்கம். விவசாயியிடம் நேரே வாங்கினால் ரொக்கம் கொடுக்க விலக்கு உண்டு. தரகருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவே செல்லாது. சுமட்டுக்கூலி, சட்டி முன்னால் வேகும் மாஸ்டரின் வாரச் சம்பளம் எல்லாம் வாய்க்கணக்கு.

அவர் கடையில் நீங்கள் பில் கேட்டுப் பாருங்கள். "கால் கிலோ சிப்ஸுக்கு பில்லாவே?" என்று, வந்திருப்பது வரி ஆபீசரோ எனக் காலிலிருந்து தலைவரை அளப்பார்.

ஆடிட்டர் பில்களை ஒதுக்கினார். "விற்றுமுதல் 2 கோடிக்குள்ளதான இருக்கு? உத்தேச வரியில போயிருவோம். ரொக்க விற்பனையில 8 சதவீதம், பாங்க் வழியா வந்ததுல 6 சதவீதம் லாபம்னு காட்டுனா போதும். செலவுன்னு தனியா எதையும் கழிக்க முடியாது. பில்லும் வேண்டாம்."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. வரி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பம் சேலை?"

"அது ஆச்சிக்கு, அண்ணாச்சி."

பீஸைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். பாதியில் நின்று, திரும்பி ஏறி வந்தார். "சார், பீஸுக்கு ஒரு பில்லு தாங்க. கடை பேருல."

அந்த வருஷம் அவர் கேட்டு வாங்கியதில் 37-ஆம் பிரிவுக்குப் பொருந்திய பில் அது ஒன்றுதான்.