அண்டை அயலார் இயல்: பியரிங் செஷன் பராமரிப்பு குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்
ஒரு ரௌட்டர் எத்தனை அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளலாம்? அறிஞர் உலகம் அலட்சியப்படுத்திய வினா இது. பிராங்பர்ட்டில் 1995-இல் தொடங்கிய டி-சிக்ஸ் என்னும் இணையப் பரிமாற்றகத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வலையமைப்புகள் கூடுகின்றன. ஆயிரம் பேரும் ஒருவர் விடாமல் நேரடி உறவு, அதாவது செஷன், கொண்டால் 4,99,500 செஷன்கள்.

2. உறவின் இலக்கணம்
ரௌட்டர்கள் பேசும் மொழி பி.ஜி.பி. அது 1989-இல் கை துடைக்கும் காகிதங்களில் வரையப்பட்டுப் பிறந்தது. சிஸ்கோ மரபுப்படி 60 நொடிக்கொருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். 180 நொடி வாய் திறக்காவிட்டால் உறவு முறியும். இவ்விதி இல்லறத்துக்குப் பொருந்துமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. அண்டையார் வகை
மூவகைப்படுவர்.
மௌனி: நம் பக்கம் கான்ஃபிக் போட்டாயிற்று, அவர் பக்கம் போடவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.
ஊடலர்: நாளுக்குப் பலமுறை விழுந்து எழுபவர். எழும்போதெல்லாம் தம் பாதைகள் அனைத்தையும் முதலிலிருந்து ஒப்பிப்பார்.
வள்ளல்: ஊரார் பாதைகளையும் தம்முடையதாக அறிவிப்பவர். 1997 ஏப்ரல் 25-இல் ஏ.எஸ். 7007 என்னும் வலையமைப்பு இப்படி வாரி வழங்கியதில் இணையமே தடுமாறியது. எனவே இவருக்காக ப்ரிஃபிக்ஸ் (பாதை எண்ணிக்கை) உச்சவரம்பு வைப்பது மரபு. மீறினால் செஷன் தானே மூடிக்கொள்ளும். பியரிங்டிபி என்னும் தரவுத்தளத்தில் அவரவர் தரும் எண்ணை ஒட்டி வரம்பு வைப்பார்கள். அவர் வளர்ந்தபின் அதைத் திருத்த மறப்பார்கள். ஒருநாள் யோக்கியரும் வள்ளல் பட்டியலில் சேர்ந்து வெளியே நிற்பார்.

4. பரிகாரம்
ஒரே கொள்கை உடையவர்களைப் பியர் குரூப்பில் அடக்கலாம். கான்ஃபிக்கை ஸ்கிரிப்ட் எழுதும்படி செய்யலாம். ஆனால் இவை தட்டச்சைக் குறைக்குமேயன்றி உறவைக் குறைக்கா. உறவையே குறைப்பது ரூட் சர்வர் (route server): அதனோடு ஒரு செஷன் வைத்தால், அதில் சேர்ந்த மற்றவர்களின் பாதைகளும் வந்துசேரும். ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று இரண்டாக வைப்பது வழக்கம்.

5. முடிவு
ரூட் சர்வர் வந்ததும் நேரடி செஷன்கள் ஒழியும் என்பது நம் கருதுகோள். அது பொய்த்தது. அதிக டிராஃபிக் தரும் அண்டையாரை இடையாளிடம் ஒப்படைக்க மனம் வராது. ஊடலரோடு பழகிவிட்டது. மௌனியோ, நாளைக்கே கான்ஃபிக் போட்டாலும் போடுவார். ஆகவே நிறுவப்படுவது: ஆயிரம் செஷன்களைக் குறைக்க முனைந்தவரிடம் இறுதியில் ஆயிரத்து இரண்டு இருக்கும்.