ஊறப்போட்ட கதை

நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு ஒன்பதே முக்காலுக்கு. காரணம் டோஃபு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும்.

முதலில் ஒரு புகார். "அதுக்குன்னு தனி ருசி கிடையாதுப்பா, எதுல போட்டாலும் அந்த ருசியை அப்படியே இழுத்துக்கும்" என்றாள் மகள், பெங்களூரிலிருந்து. நீங்களும் யாரிடமாவது இதைச் சொல்லியிருப்பீர்கள். மீல்மேக்கரைப் பற்றி இதே வசனத்தைப் பேசி நானே ஒருவரைப் பந்தியில் ஏமாற்றியிருக்கிறேன். ஆனால் மீல்மேக்கர் காய்ந்த சரக்கு, தாகத்தோடு வருகிறது. டோஃபு பாக்கெட்டுக்குள்ளேயே குளித்துக்கொண்டு வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். வயிறு முட்டச் சாப்பிட்டவன் மறுபந்தியில் எதை இழுப்பான்?

ஆகவே முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமாம். துணியில் சுற்றி, மேலே பாரம் வைத்து, அரை மணி நேரம். என்ன பாரம் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தேன். டோஃபு சட்டை செய்யவில்லை. இட்லிக் குண்டானை ஏற்றினேன். அது ஒரு பக்கம் சாய, டோஃபு ஆப்பு மாதிரி ஆனது. அம்மிக்குழவி நல்ல கனம்தான், உருளும். உருளாமல் ஒரு கையால் பிடித்தபடி பத்து நிமிஷம் நின்றேன், தொட்டில் ஆட்டுகிறவன் மாதிரி. தொலைபேசி அடித்தது, எடுக்க முடியவில்லை. ஐந்து கிலோ அரிசிப் பை பாந்தமாகப் படிந்தது, ஆனால் அடிப்பக்கம் நனைவதை மனைவி பார்த்துவிட்டாள். கடைசியில் அலமாரியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், முதல் தொகுதி. 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த மகா காரியம். அந்தப் பெரியவர்கள் கண் கெட உழைத்தது இதற்காகத்தானா என்று ஒரு கணம் கூசியது. பிறகு இரண்டாம் தொகுதியையும் மேலே வைத்தேன்.

"என்னங்க, இது சமையலா, ஜப்தியா?" என்றாள்.

அடுத்தது ஊறல். சோயா சாஸ், நல்லெண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சை, மிளகாய்த்தூள், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. எல்லாம் கலந்து ஆறு ஸ்பூன் விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வடித்தால் கிண்ணத்தில் ஏழு ஸ்பூன். உப்பு பட்டதும் உள்ளே மிச்சமிருந்த தண்ணீரையும் கக்கியிருக்கிறது. மொய் எழுதப் போனவனுக்குக் கல்யாண வீட்டுக்காரரே பணம் கொடுத்து அனுப்பியது போல! ஒரு துண்டை நறுக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நூல் கனத்துக்குப் பழுப்பு, உள்ளே வெள்ளை வெளேர். நல்லெண்ணெய் அதுவரைக்கும்கூடப் போகவில்லை, மேலேயே மினுமினுத்துக்கொண்டிருந்தது.

ஃப்ரீசரில் உறையவிட்டு எடுத்துப் பிழிந்தால் பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் துளையாகி, ஸ்பாஞ்சு போல இழுக்குமாம். ஜப்பானில் அப்படி உறையவைத்துக் காயவைத்ததைக் கோயா டோஃபு என்றே விற்கிறார்கள். 1782இலேயே அங்கே 'டோஃபு ஹியாகுசின்' என்று ஒரு புத்தகம், டோஃபுவை நூறு விதமாகச் செய்ய. ஒரு விதம் உருப்படியாக இருந்தால் நூறு எதற்கு?

சோளமாவில் புரட்டி, 200 டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம், நடுவில் ஒரு தடவை திருப்பிப்போட்டு எடுத்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒரு கட்டிக்கு எட்டு மூலை, எட்டும் பிரமாதம். நடுவில் இருப்பதுதான் டோஃபு.

வடித்த ஏழு ஸ்பூனை மனைவி வாணலியில் சுண்டக் காய்ச்சி, காலை இட்லி நான்கை உதிர்த்துப் போட்டுப் பிரட்டினாள். தட்டு இரண்டு நிமிஷத்தில் காலி. அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"எப்படிப்பா இருந்தது?"

"சூப்பர்மா."

முதல் தொகுதி இப்போது மின்விசிறிக்குக் கீழே விரித்தபடி காய்கிறது. 'அறுசுவை' இருக்கும் பக்கம் பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தால் கிழிந்துவிடும் போல.