கிளையில் ஒருவர், கீழே பத்து நிபுணர்கள்

சென்னையில் ஒருவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினால், முதல் கிளையை அவர் எட்டுவதற்குள் கீழே ஒரு சபை கூடிவிடும். வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன், பால் பாக்கெட் வாங்கப் போனவர். இவர்களில் யாரும் வாழ்நாளில் ஒரு முருங்கைக் கொம்பைக்கூட ஒடித்தவரில்லை. ஆனாலும் "அது இல்லப்பா, அதுக்குப் பக்கத்துல இருக்கு பாரு, அது" என்று வகுப்பு தொடங்கிவிடும். கீழே நிற்பவர் சொல்லும் 'இந்தப் பக்கம்' தனக்கு எந்தப் பக்கம் என்பது, மேலே ஒற்றைக் காலில் நிற்பவருக்குக் கிளை விழுந்த பிறகுதான் தெரியும்.

ஏறுவதற்கு முன்பே பாதிப் போர் முடிந்திருக்கும். கூலியைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மாறும். "அரை மணி நேர வேலை, இதுக்கா மூவாயிரம்?" அரை மணியில் முடிவது அந்த ஆளுக்கு வேலை தெரிந்திருப்பதால்தான், தெரியாதவர் ஏறினால் நாள் முழுக்க ஆகும், கூடவே ஆஸ்பத்திரிச் செலவும். அடுத்த அஸ்திரம் இன்னும் கூர்மையானது: "மரத்தை நீயே எடுத்துக்கப்பா. பார்க்கப் போனா நீதான் எனக்குக் காசு தரணும்." வெட்டிய மரம் எல்லாம் தேக்கு என்பது நகரவாசியின் நம்பிக்கை. மா என்றால் பெட்டி செய்யும் பலகைக்காவது போகும். முருங்கையை அடுப்பில் வைத்தால்கூடச் சரியாக எரியாது. அதை அள்ளி வண்டியில் ஏற்றி எங்கே கொட்டுவது என்பதே தனிக் கவலை.

பக்கத்து வீட்டுக்குள் நீண்ட கிளை என்றால் பேச்சுவார்த்தை மூன்று தரப்பாகிவிடும். இலை விழுந்தால் உங்கள் மரம், மாங்காய் விழுந்தால் எங்கள் வாசல்! இதுதான் நம் தெருக்களின் எழுதாத சட்டம். இங்கிலாந்தில் இந்தத் தகராறு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. எல்லை தாண்டிய கிளையை அடுத்த வீட்டுக்காரர் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்த ஆப்பிளைப் பறித்து விற்றது தவறு என்று 1919இல் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் ஊரில் அந்தத் தீர்ப்பை யாரும் படித்ததில்லை. வெட்டுகிறவருக்கு இரண்டு வீட்டிலும் தண்ணீர் கிடைக்கும், கூலிக்கு மட்டும் இரண்டு வீட்டுக்காரர்களும் அடுத்த வீட்டைக் கை காட்டுவார்கள்.

சரி, மேலே என்ன நடக்கிறது? கனமான கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால், பாதி அறுபட்டதும் அது தன் கனத்தாலேயே முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுப்பார். பிறகு அதற்கு அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவார். கடைசியில், மிஞ்சிய கட்டையை அடிமரத்தோடு சேரும் புடைப்பை விட்டு வைத்து நறுக்குவார். இறக்குவது என்றால் போடுவது இல்லை. மேல்கவையில் வடத்தைச் சுற்றி, கீழே ஒரு ஆள் பிடிக்க, கிளை மெதுவாக வர வேண்டும். ஏனென்றால் நேர்க்கீழே எப்போதும் ஒரு கார் நிற்கும். அதன் சொந்தக்காரர் பெங்களூரில் இருப்பார். சாவியும் அங்கேதான் இருக்கும்.

காருக்கு மேலே கம்பிகள். மின்வாரியத்துக் கம்பி ஒன்று. கேபிள் டிவி, இண்டர்நெட் எல்லாம் சேர்ந்து கொடி மாதிரி மரத்தையே சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. மின்கம்பி அறுந்தால் மின்வாரியத்துக்குப் போன் செய்வார்கள். சீரியல் நேரத்தில் கேபிள் அறுந்தால், மரத்திலிருந்து இறங்க முடியாது. விளையாட்டை விட்டுச் சொன்னால், இந்தத் தொழிலில் ஆளைக் கொல்பவற்றில் மின்சாரமும் ஒன்று. பச்சைக் கிளை ஈரம் உள்ளது. கம்பியில் பட்டால் மின்சாரத்தைக் கீழே கொண்டுவரும். இரும்பு, அலுமினியத் துறட்டியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளைப் பார்த்து வேலை வைத்துக்கொள்கிறவர் புத்திசாலி. அன்றைக்கு ஃபேன் ஓடாத கோபத்தில் சபையில் கூட்டம் இன்னும் அதிகமாக இருக்கும், அதையும் அவர் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது பலரும் சங்கிலி ரம்பத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் வாயில் அது 'மிஷின்'. வெளிநாட்டில் இந்தத் தொழிலாளியை மர சர்ஜன் என்கிறார்கள். அதில் ஒரு வேடிக்கையான பொருத்தமும் உண்டு: சங்கிலி ரம்பம் பிறந்ததே ஆபரேஷன் மேஜையில்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள், சிக்கலான பிரசவத்திலும் கெட்டுப்போன எலும்பை எடுப்பதிலும் பயன்பட, கையால் இழுக்கும் பல் வைத்த சங்கிலியை உண்டாக்கினார்கள். மரத்துக்கு அது வந்தது வெகுகாலம் கழித்து. இன்றைய மிஷினில் சங்கிலி நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஓடும். சங்கிலி ஓடும் தகட்டின் நுனி மேல்பாகம் எதிலாவது தட்டினால் மிஷின் ஆளின் முகத்தை நோக்கித் துள்ளி வரும். வாங்கிய கையோடு ஹெல்மெட்டையும் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தொழிலாளி சிரித்து மழுப்புவார்.

ஆனால் மிஷினின் உண்மையான எதிரி ஆணி. தெருவோர மரம் ஒவ்வொன்றும் ஒரு விளம்பரப் பலகை: டியூஷன், பேயிங் கெஸ்ட், கல்யாண மண்டபத்துக்கு அம்புக்குறி, கட்சி மாநாடு. தகரத்தை ஒருநாள் யாராவது கழற்றிவிடுவார்கள், ஆணியைக் கழற்ற மாட்டார்கள். மரம் அதை விழுங்கி, மேலே பட்டை மூடி, வெளியே தழும்புகூடத் தெரியாமல் வைத்துக்கொள்ளும். சங்கிலி அதில் பட்டதும் ஒரு கிறீச்சிடல், ஒரு பொறி. அவ்வளவுதான், வேலை நின்றது. இறங்கி, நிழலில் உட்கார்ந்து, உருண்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக, ஒரே கோணத்தில், ஒரே பக்கமாகத் தள்ளித் தீட்ட வேண்டும். ஒரு பக்கத்துப் பல் முடிந்ததும் மிஷினைத் திருப்பி மறுபக்கம். கோணம் கொஞ்சம் பிசகினால் ரம்பம் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கும். இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து, "என்னப்பா, உட்கார்ந்தாச்சா?" என்பார்.

மரங்களுக்கும் குணம் உண்டு. புளி வளையும், எளிதில் ஒடியாது. அதில் நம்பி நிற்கலாம். மயில்கொன்றை பார்க்க அழகு, கிளை பொசுக்கென்று முறியும். முருங்கையில் எந்தத் தொழிலாளியும் ஏற மாட்டார், ஏணி வைத்துத்தான் வேலை. வேதாளம் திரும்பத் திரும்ப அதில் ஏறியது உண்மைதான், அதற்கு உடம்பு கனம் இல்லை. போதாததற்கு மாமரத்தில் முசுறு எறும்பு, வேம்பில் குளவிக்கூடு, எதில் ஏறினாலும் மண்டையில் கொத்தக் காத்திருக்கும் காகம். இரண்டு கையிலும் மிஷின் இருக்கும்போது கழுத்துக்குள் நுழைந்த முசுறை என்ன செய்வது என்பதற்கு எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பதில் இல்லை.

சபையின் ஒருமித்த தீர்மானம் எப்போதும் ஒன்றே: "மொட்டை அடிச்சிடுப்பா." 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து இந்தத் தீர்மானத்துக்கு வலு கூடிவிட்டது. ஆனால் மொட்டையடித்த மரம், இலை போன பட்டினியைத் தாங்காமல், வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். அந்தக் கொம்புகள் அடிமரத்தின் உள்ளிருந்து வளர்ந்தவை இல்லை, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. சில ஆண்டு கழித்துக் காற்றில் முதலில் விழுவது அவைதான். தென்னைக்கும் இதே தொல்லை. மாதத்துக்கு ஒரு மட்டைதான் அதற்கு வரவு. "நல்லா கழிச்சு விடு" என்று பச்சை மட்டைகளையும் இறக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் குரும்பை உதிர்கிறது என்று வருத்தப்படுவார்கள்.

மரத்துக்கு வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சுரபாலர் எழுதிய 'விருக்ஷாயுர்வேதம்' மரங்களின் நோயையும் வாதம், பித்தம், கபம் என்றே பிரிக்கிறது. அமெரிக்காவில் ஜான் டேவி என்பவர் 1901இல் மர வைத்தியம் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதையே பெருந்தொழிலாக்கினார். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைப்பதுபோல் சிமென்ட் போட்டு அடைப்பது அந்தக் காலத்துப் பெரிய சிகிச்சை. பின்னாளில் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரத்தின் காயம் நம் காயம்போல் ஆறுவதே இல்லை, கெட்ட பகுதியை உள்ளுக்குள் சுவர் கட்டி ஒதுக்கிவிட்டு மரம் மேற்கொண்டு வளர்கிறது என்று காட்டினார். சிமென்டுக்கும், வெட்டுவாயில் பூசும் தாருக்கும் அதில் வேலை இல்லை. நாம் அந்தச் சிமென்டை வீணாக்கவில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு விரல் இடம் விடாமல் நடைபாதையாகப் பூசிவிட்டோம். வேர் மூச்சுவிட முடியாமல் மரம் சாயும்போது, "மரம் சரியில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

நல்ல சிகிச்சைக்கு நம் நாட்டிலேயே சாட்சி நிற்கிறது. ஹௌராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டது. பிறகு அடிமரத்தில் பூஞ்சை பற்றியது. 1925இல் அந்த அடிமரத்தையே அறுத்து எடுத்துவிட்டார்கள். விழுதுகளின் மேல் நின்றபடி மரம் இன்னும் படர்ந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் மேல், தொழிலாளிக்குப் பாவக் கணக்கு ஒன்று உண்டு. மாடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால் வீட்டுக்காரர் கை வைக்க மாட்டார், குடும்பத்துக்கு ஆகாது. ஆள் கூப்பிடுவார். ஏற்கெனவே கற்பூரம் காட்டி, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிற அந்த ஆளுக்கு மட்டும் குடும்பம் இல்லை என்று நினைப்பு. இதற்குத் தனிக் கூலி கேட்கும் தொழிலாளிகள் உண்டு, அது நியாயமும்கூட.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழையில் கிளை ஜன்னலைத் தட்டிய பிறகு தேடாமல், ஆடியிலேயே ஆளைக் கூப்பிடுங்கள். தெருவோர மரம் என்றால் முதலில் மாநகராட்சியிடம் கேளுங்கள், பழி வெட்டியவர் தலையில் விழ வேண்டாம். காரை நகர்த்தி வையுங்கள். குப்பை அள்ளும் கூலியையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் ஏறிய பிறகு தயவுசெய்து வீட்டுக்குள் போய்விடுங்கள்.