ஸ்டாம்பு சார்

வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டுவதற்காகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் உத்திரமேரூருக்குள் நுழைந்தால் ஸ்டாம்பு சாருக்கு எப்படித்தான் தெரியுமோ, டிரைவர் கதவைத் திறப்பதற்குள் அக்குளில் ஆல்பத்தோடு கோயில் வாசலில் நிற்பார். கூட வந்த டீச்சர் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையை விளக்கிக்கொண்டிருப்பார். கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவர் சொந்தக்காரருக்கும் இல்லை. "பேர் எழுதின ஓலையை எல்லாம் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க" என்று டீச்சர் முடிப்பதற்குள் சார் உள்ளே புகுந்துவிடுவார்.

"பாத்தீங்களா! ஆயிரம் வருஷம் முன்னாடியே பொறுக்கி எடுக்கிற வேலை சின்னப் பசங்களுதுதான். அதனால எல்லாரும் ஸ்டாம்பு சேருங்க!"

அந்தக் கல்வெட்டின்படி பார்த்தால் சார் ஓலைக்குத் தேறமாட்டார். எழுபதைத் தாண்டியது ஒரு காரணம். பெரிய காரணம் கணக்கு. "பாத்துட்டுத் தர்றேன்" என்று ஊரில் வீடு வீடாக வாங்கிய தலைகளுக்கு அவர் இன்றுவரை கணக்குக் காட்டியதில்லை.

வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தபால்தலை சேர்ப்பதில்லை என்பதுதான் அவருடைய ஒரே கவலை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அதற்கு அப்புறம்தான். விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸுக்காகத் தூக்கக் கண்ணோடு நிற்கும் பையன்களிடம் போய், "பொது அறிவு வளரும், பொறுமை வளரும்" என்று ஆரம்பிப்பார். எட்டு மணி நேரம் லைனில் நிற்கப் போகிறவனிடம் பொறுமையைப் பற்றிப் பேச ஒரு தைரியம் வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேறு தூண்டில். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிறவர்களுக்காக 2017-ல் தபால் துறை கொண்டுவந்த உதவித்தொகைத் திட்டத்தைச் சொல்வார். "மாசம் 500, வருஷத்துக்கு 6,000!" பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். "மார்க் வேணும், அப்புறம் ஒரு வினாடி வினா" என்றதும் பழையபடி சாய்ந்துவிடுவார்கள்.

சேர்க்கத்தான் தலை எங்கே இருக்கிறது? ஆதார் அட்டை வந்தாலும் ஏ.டி.எம். கார்டு வந்தாலும் உறையில் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர்தான். அதனால் யார் வீட்டுக்குத் தபால் வந்தாலும் தபால்காரருக்குப் பின்னாலேயே சார் வருவார். நிலத் தகராறில் வக்கீல் நோட்டீஸ் வந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தவர் வீட்டில், "நோட்டீஸ் உங்களுக்கு, கவர் எனக்கு" என்று கேட்டு வாங்கிப் போன ஆள் அவர்.

அப்படிக் கிடைத்த உறையில் தலையைச் சுற்றி அரை அங்குலம் விட்டுக் கத்தரிப்பார். வெதுவெதுப்பான தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி அதில் மிதக்க விடுவார். பிய்த்தால் போச்சு, பசை இளகித் தலை தானாக நழுவ வேண்டும். இடுக்கியால் ஓரம் பிடித்துத் தூக்கி, பழைய தினத்தந்தியின் மேல் முகம் கீழாகப் படுக்கவைத்து, காய்ந்ததும் கனத்த புத்தகத்துக்குள் வைப்பார். இத்தனை நேரமும் அவர் மூச்சு விட்டதாகத் தெரியாது. பேசுவதெல்லாம் மாமிதான்: "ஊர்ல இருக்கறவா எச்சிலை எல்லாம் சாப்பிடற தட்டுல ஊறப்போடறார், கேக்க நாதியில்லை."

ஆல்பத்தில் 2006-ல் வெளிவந்த சந்தன வாசனைத் தலை ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகளின் மூக்கருகே நீட்டி, "என்ன வாசனை, சொல்லு?" என்பார். "பாச்சை உருண்டை, சார்" என்று கோரஸாகப் பதில் வரும். 1948-ல் சுவிட்சர்லாந்தில் அச்சடித்து வந்த காந்தி தலைகள் நான்குக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். ஒன்றரை அணா இருக்கிறது, மூன்றரை அணா இருக்கிறது. பன்னிரண்டு அணாவுக்கும் பத்து ரூபாய்க்கும் பென்சிலால் கட்டம் மட்டும். வருகிறவர்களுக்கு அந்தக் காலிக் கட்டங்களைத்தான் அதிக நேரம் காட்டுவார்.

"எவ்ளோ போகும் சார்?" பொது அறிவுப் பிரசங்கம் முடிந்ததும் எந்தப் பையனும் கேட்கிற ஒரே கேள்வி இதுதான். சாருக்குக் கோபம் வரும். ஆனாலும் பதில் தயாராக இருக்கும். 1873-ல் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், வீட்டுப் பழங்காகிதங்களுக்குள் மூலை வெட்டின ஒரு சென்ட் தலையைக் கண்டெடுத்தான். பார்க்க லட்சணமாக இல்லையென்று ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014-ல் நியூயார்க் ஏலத்தில் அதே தலை ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்குப் போனது.

பொறுமை, பொது அறிவு என்று எத்தனையோ வருஷம் பேசி ஒருவரைக்கூட இழுக்க முடியாத சாருக்கு, போன மாதம் இந்தக் கதையால் ஒரு சீடன் கிடைத்தான். ஏழாவது படிக்கிறான். போனை நீட்டினான். பாட்டியின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம்; வள்ளி தெய்வானை சமேத முருகனுக்கும் 1970-ல் வந்த அண்ணா தலைக்கும் நடுவே பன்னிரண்டு அணா காந்தி.

சாருக்குக் கை நடுங்கியது. குரலை மட்டும் சமாளித்துக்கொண்டார். "பழசுடா கண்ணு. ஓரம் கிழிஞ்சிருக்கு. ரெண்டு ரஷ்யா தர்றேன்."

பையன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். "எங்க சார் கிழிஞ்சிருக்கு?"

"சரி, மூணு ரஷ்யா."

"ஆறு ஷில்லிங்குக்கு வித்தானே, அவன் மாதிரி ஏமாற மாட்டேன் சார். அந்தப் பாட்டுப் பாடுற பூடான் ஸ்டாம்பு குடுங்க."

இசைத்தட்டு வடிவத்தில் பூடான் வெளியிட்ட அந்தத் தலையை சார் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். மறுநாள் சாயங்காலம் பையன் வீட்டுத் திண்ணையில் ஆள் ஆஜர். பூடானோடு சந்தன வாசனைத் தலையும் வேண்டும் என்கிறான் பையன். அண்ணாவையும் சேர்த்துத் தந்தால் யோசிக்கலாம் என்கிறார் சார். பெட்டியின் சொந்தக்காரியான பாட்டியோ, முருகனை யாரும் தொடக்கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.