சாட்சிக்காரன்

ஒருத்தர் உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று சபதம் எடுத்தால் அவருக்கு ஒரு வேலைதான். அதை யாரிடம் சொன்னாரோ அந்த ஆளுக்கு நாலு வேலை. கவனிக்க வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், கேட்க வேண்டும், கேட்டதற்காகத் திட்டும் வாங்க வேண்டும்.

என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ தெரியவில்லை, எங்கள் சொந்தத்திலும் தெருவிலும் சபதம் எடுக்கிறவர்கள் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். சிகரெட்டை விடுகிறவர், கம்பராமாயணத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கப் போகிறவர், இனிமேல் எவனுக்கும் கைமாத்து தரமாட்டேன் என்கிறவர் (அதற்கு முந்தின வாரம்தான் நான் அவரிடம் கேட்டிருந்தேன், தற்செயலாக இருக்கலாம்). எல்லோரும் சொல்கிற வசனம் ஒன்றுதான். "நாலு பேர்கிட்ட சொல்லிட்டா அப்புறம் செஞ்சுதானேண்ணே ஆகணும்?" அந்த நாலு பேரில் மற்ற மூணு பேர் யார் என்று விசாரித்துப் பார்த்துவிட்டேன். அப்படி யாரும் கிடையாது. நாலு பேரும் நான்தான்.

இந்தத் தொழிலில் என்னுடைய பெரிய கட்சிக்காரர் என் மச்சான். மனைவியின் அண்ணன். அவர் ஏதோ ஒரு தன்னம்பிக்கைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்று ஆரம்பித்தது இது. 1953இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார்களாம். இலக்கை எழுதி வைத்திருந்த மாணவர்கள் வெறும் 3 சதவீதம்தானாம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அந்த 3 சதவீதத்தின் சொத்து மீதி 97 சதவீதத்தின் மொத்த சொத்தைவிட அதிகமாம். மேடையில் பேசியவர் சொல்லச் சொல்லக் கைதட்டல் அடங்கவில்லையாம். அப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கவே இல்லை என்று யேல் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது என்பதை மச்சானிடம் சொன்னேன். "நடக்கலைன்னாலும் நல்ல கருத்துதானே மாப்ள" என்றார்.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எடை பார்க்கும் மிஷின். அதன் மேல் இரண்டு கால் கட்டைவிரல்கள். நடுவில் 96. குனிந்து எடுத்தால் வயிறு மறைக்கிறது என்பதால் பையனைத் தரையில் படுக்க வைத்து எடுத்த படம் அது. கீழே அறிவிப்பு: பொங்கலுக்குள் எண்பது. சாட்சி, எங்கள் மாப்பிள்ளை.

அரை மணி நேரத்தில் கட்டைவிரல்கள், கும்பிடுகள், கைதட்டல்கள். 'சூப்பர் மாமா.' 'நீங்கதான் எங்களுக்கு ரோல் மாடல் பெரியப்பா.' தினமும் ரோஜாப்பூவில் காலை வணக்கம் அனுப்புகிற சித்தி அன்றைக்கு இரண்டு ரோஜாப்பூ அனுப்பினார். மச்சான் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினார். சாயங்காலம் முகமே மாறி, நிஜமாகவே நாலைந்து கிலோ இறங்கியவர்போல நடந்தார். ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "மாப்ள, வாங்க, ஒரு கறிதோசை சாப்பிட்டு வந்துருவோம். நாளையில இருந்துதானே?"

சபதத்தை வெளியே சொன்னதுமே வேகம் அடங்கிவிடுவதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியல் பேராசிரியர் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். சட்டக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை. நன்றாகப் படிக்கப் போகிறேன் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னார்கள். சிலர் எழுதியதை எதிரில் இருந்தவர் வாசித்துப் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் எழுதியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு 45 நிமிடம் கொடுத்து வழக்குகளைப் படித்துத் தீர்க்கச் சொன்னார்கள். தன் நல்லெண்ணத்தை இன்னொருவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்று தெரிந்த மாணவர்கள் சீக்கிரமே எழுந்து போய்விட்டார்கள். ஆசையை நாலு பேர் அங்கீகரித்ததுமே பாதி வக்கீல் ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறதாம். பாராட்டு என்பது அட்வான்ஸ். முழுக் கூலியையும் அட்வான்ஸாக வாங்கிக்கொண்ட கொத்தனார் மறுநாள் காலையில் கரண்டியோடு வந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை.

வள்ளுவரும் இந்தக் கட்சிதான். வினைத்திட்பம் அதிகாரத்தில், காரியம் முடிந்த பிறகுதான் அது வெளியே தெரிய வேண்டும், நடுவில் தெரிந்தால் தீராத துன்பம் என்கிறார். அதற்கு அடுத்த குறளிலேயே, சொல்வது எல்லோருக்கும் சுலபம், சொன்னபடி செய்வதுதான் கஷ்டம் என்று வேறு ஒரு குட்டு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வள்ளுவர் சொன்னபடி நடந்தவள். டைப்ரைட்டிங் கிளாஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருக்கிறாள். குரூப் 4 ரிசல்ட் வந்த அன்றுதான் அவள் அப்பாவுக்கே விஷயம் தெரியும். பால்கோவா டப்பாவோடு வந்தவர், "என்கிட்டகூட மூச்சு விடலைங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரிடம் சொல்லியிருந்தால் யானைக்கல் பாலம் வரைக்கும் தெரிந்திருக்கும். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாமலே ஒரு காரியத்தை முடித்தவள் என்பதால் அந்தப் பெண் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆனால் எங்கள் ஊர் ராஜா ஒருவர் நேர் எதிர்க் கட்சி. பாண்டியன் நெடுஞ்செழியன். சின்ன வயதிலேயே சிம்மாசனத்துக்கு வந்தவர். சின்னப் பையன்தானே என்று சேரன், சோழன், ஐந்து வேளிர் என ஏழு பேர் சேர்ந்து கிளம்பினார்கள். அவர் பாட்டாகவே வஞ்சினம் கூறினார். புறநானூற்றில் 72ஆம் பாட்டு. இவர்களை ஜெயிக்காவிட்டால் என் குடிகள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் தலைமையில் இருக்கிற புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். இதில் கவனிக்க வேண்டியது, அவர் யாரிடமும் 'சூப்பர் மன்னா' வாங்கவில்லை. தோற்றால் என்ன அபராதம் என்பதைத்தான் சொன்னார். சாட்சியையும் பேர் சொல்லிக் குறித்தார். தலையாலங்கானத்தில் ஏழு பேரையும் ஜெயித்தார். மாங்குடி மருதனார் அவர் மேல் மதுரைக்காஞ்சி பாடினார். 782 அடி, பத்துப்பாட்டிலேயே நீளமானது. அப்படி ஒரு சாட்சி எனக்கும் வாய்த்தால் நானும் எதையாவது ஜெயிப்பேன்.

அபராதம்தான் சூட்சுமம் என்று பிடிபட்டதும் விசாரித்தேன். அமெரிக்காவில் 2008இல் ஸ்டிக் என்று ஒரு சேவை ஆரம்பித்திருக்கிறார்கள். நடத்தாத ஆராய்ச்சிக்காகப் பேர் வாங்கிய அதே யேல் பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியர்களாக இருந்த டீன் கார்லனும் இயன் ஏர்ஸும் அதன் மூலவர்கள். இலக்கை எழுதி, பணத்தைப் பணயம் வைத்து, ஒரு நடுவரை நியமிக்கலாம். தவறினால் பணம் போகும். எங்கே போகும் என்பதில்தான் அவர்களுடைய மூளை தெரிகிறது: உங்களுக்கு எந்த அமைப்பைக் கண்டாலே ஆகாதோ, அதற்கே நன்கொடையாகப் போகும்படி வைக்கலாம்.

மச்சானிடம் போனேன். "மச்சான், அஞ்சாயிரம் ரூபாய் என்கிட்ட குடுத்து வைங்க. பொங்கலுக்குள்ள எம்பதுக்கு வரலைன்னா, நீங்க தெனம் டிவி முன்னாடி உக்காந்து திட்டுறீங்களே ஒரு கட்சி, அதுக்கு நன்கொடையா அனுப்பிருவேன். உங்க பேர்லயே ரசீது வரும்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "ரசீது வீட்டுக்கா வரும்?"

"ஆமா."

"போஸ்ட்மேன் பார்ப்பானே?"

"பார்க்கணும்ல மச்சான்."

"அதுக்கு நான் சுகர் வந்தே போய்ச் சேர்றேன் மாப்ள" என்று எழுந்து போய்விட்டார்.

ஆனாலும் சாட்சி வேலையிலிருந்து என்னை விடுவிக்கவில்லை. "பணம் காசெல்லாம் வேணாம். நீங்க இருக்கீங்கள்ல, அது போதும். இனிப்புப் பக்கம் கை போச்சுன்னா தட்டி விட்டுருங்க. மரியாதை கிரியாதை எல்லாம் பார்க்காதீங்க."

திருப்பரங்குன்றத்தில் அவர் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். காலை டிபன் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. இட்லி, பொங்கல், வடை எல்லாம் சுமுகமாக நடந்தது. அப்போது ஜாங்கிரி வாளி வந்தது. மச்சான் உடனே இடது கையை இலைக்கு மேல் பிடித்து, "வேணாம் தம்பி, வேணாம்" என்றார். உள்ளங்கை விரிந்திருந்தது. விரல்கள் அதைவிட விரிந்திருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அளவெடுத்ததுபோல ஒரு ஜாங்கிரிக்கு இடம் இருந்தது. பரிமாறுகிற பையன் அனுபவசாலி. அந்தச் சந்து வழியே சரியாக இறக்கிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். ஜீரா மெதுவாகப் பொங்கல் பக்கம் நகர ஆரம்பித்தது. மச்சான் அதைத் தடுக்க ஒரு துண்டு பிய்த்தார்.

கையைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. குனிந்து, காதோரமாக, "மச்சான், தொண்ணூத்தாறு" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா பந்தியை விசாரித்துக்கொண்டே வந்து எங்களுக்கு எதிரில் நின்றார். "என்ன மாப்ள, தொண்ணூத்தாறு?"

நான் பதில் தேடுவதற்குள் அவர் முகம் இறுகிவிட்டது. "இலையை எண்ணிக்கிட்டிருக்கீங்களா? இருநூறு இலை போட்டு மூணாவது பந்தி ஓடுது. ஆள் வரலைன்னு பார்க்கிறீங்களா?"

"ஐயோ, அதில்லை மாமா, இது மச்சானோட..."

எதிர்ப் பந்தியிலிருந்து பெரியத்தை குரல் கொடுத்தார். "சாப்பிடுற மனுசன் இலையைப் பார்த்துக் கணக்குச் சொல்றது எந்த ஊர்ப் பழக்கம் மாப்ள?"

பந்தி மொத்தமும் மச்சானைப் பரிதாபமாகவும் என்னை வேறு மாதிரியாகவும் பார்த்தது. மச்சான் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டு, "விடுங்க பெரியம்மா, மாப்ள என் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்" என்றார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து நெகிழ்ந்துபோன மாமா, வாளிக்காரனைத் திரும்பக் கூப்பிட்டுத் தன் கையாலேயே இன்னொரு ஜாங்கிரி எடுத்து வைத்தார். எனக்கு வைக்கவில்லை.

இந்தச் சாட்சி வேலை ஒரு தனி ஆள் தலையில் கட்டுகிற வேலையே இல்லை. கார்த்திகை மாதம் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வந்து பார்த்தால் தெரியும். மற்ற மாதங்களில் பாக்கெட் பாக்கெட்டாக ஊதித் தள்ளுகிற ஆட்டோக்காரர், கார்த்திகை ஒன்றாம் தேதி துளசிமணி மாலை போட்டுக் கறுப்பு வேட்டிக்கு மாறினால் முடிந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கழுத்து சொல்லிவிடும். 41 நாள் அவருக்குப் பெயர் சாமி. பெற்ற தாய் சாமி என்கிறார், வட்டிக்குக் கொடுத்தவர் சாமி என்கிறார். சிக்னலைத் தாண்டிப்போன அன்று, "சாமி, லைசென்ஸை எடுங்க சாமி" என்று போலீஸ்காரர் கேட்டதை நானே பார்த்தேன். டீயைக் குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போகும். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு கடலமுட்டாயை எடுத்து நீட்டுவார். அவ்வளவுதான். உபதேசம் கிடையாது, கைதட்டல் கிடையாது, மிஷின் படம் கிடையாது. சாட்சி வேலையைத் தெருவே ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்கிறது. யாருக்கும் சுமை தெரிவதில்லை. பந்தியில் யாரும் அவமானப்படுவதும் இல்லை. ஒரே குறை, மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் காலையில் அதே மாஸ்டர், கேட்பதற்கு முன்னாலேயே சிகரெட்டையும் தீப்பெட்டியையும் டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். சாமியும் 'என்னடா மாப்ள' ஆகிவிடுகிறார்.

உடம்பு குறைக்கவும் யாராவது ஒரு மாலை கண்டுபிடிக்க மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருக்கும்போதே பொங்கல் வந்துவிட்டது. மாமியார் வீட்டில் சொந்தம் மொத்தமும் கூடியிருந்தது. சர்க்கரைப் பொங்கல் இறக்கியாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் மிஷினைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மச்சான் சட்டையைக் கழற்றினார், வாட்ச்சைக் கழற்றினார், அரைஞாண் கயிற்றைக்கூட ஒரு தரம் யோசித்துப் பார்த்தார். ஏறினார். 97.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மச்சான் இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு, ரொம்ப வருத்தமாகச் சொன்னார். "மாப்ள இன்னுங்கொஞ்சம் கண்டிப்பா இருந்திருக்கணும். அந்தக் கல்யாணத்துல ஒரு வாட்டி சொன்னார். அப்புறம் கண்டுக்கவே இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியத்தை தலையை ஆட்டினார். சொந்தக்காரப் பையன் ஒருத்தன், "பாவம் மாமா" என்றான். எந்த மாமா என்று பார்த்தேன், நான் இல்லை.

"பரவாயில்லை, விடுங்க" என்று மச்சான் என் தோளில் கை போட்டார். "மாப்ள எனக்காக இவ்வளவு நாள் சாட்சியா இருந்தார். பதிலுக்கு நானும் ஏதாவது செய்யணும்ல? எல்லாரும் கேட்டுக்கங்க. நாளையில இருந்து மாப்ள தெனமும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கப் போறார். நான்தான் சாட்சி."

கைதட்டல். அடுப்படியிலிருந்து கரண்டியோடு மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏன், இப்ப எத்தனை மணிக்கு எந்திரிக்கிறார்?"

என் மனைவி சாட்சி சொல்ல ஆரம்பித்தாள்.